ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு

1949இல் அகில இந்திய அபின் மாநாடு கூடி ஒரு முடிவெடுத்தது. மாநிலங்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த அபினை ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 1959 மார்ச் 31ஆம் தேதியோடு, மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் தவிர வேறு எதற்கும் நாட்டில் அபின் கிடையாது என்று ஆக்கிவிட வேண்டும். மதுவிலக்கைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். இதைப் பற்றித் தமிழில் நாலு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை. மருந்துக் கடைக்குள்ளேயே ஆயுளைக் கழித்தவன் என்பதால் எனக்கு மட்டும் இது பெரிதாகத் தெரிகிறதோ என்னவோ.

எனக்குக் கப்பலூர். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்குச் சுங்கச்சாவடியும் அதற்காக நடந்த மறியல்களும்தான் ஞாபகம் வரும். அதற்கு முன்னால் சிட்கோ தொழிற்பேட்டை. அதற்கும் முன்னால் தியாகராசர் மில். எங்கள் பெரிய தாத்தா காலத்தில் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் நடுவே பருத்திப் பொதி ஏற்றிப் போகும் மாட்டு வண்டிகள். அவர் அப்படி ஒரு வண்டிக்காரர். வண்டி குடை சாய்ந்து இடுப்பில் அடிபட்டது. வைத்தியர் பற்றுப் போட்டார், எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். கடைசியில் கேட்டது அபின்தான். காலையில் மிளகளவு, ராத்திரி மிளகளவு. வலிக்காகத் தொடங்கியது, வலி அடங்கிய பிறகும் நிற்கவில்லை. இதெல்லாம் அப்பத்தா சொல்லிக் கேட்டது. அவளுக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. “அவரு குடிகாரரு இல்லடா, மருந்து திங்கிறவரு” என்பாள்.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பால் உறைந்தால் அபின். வெள்ளைக்காரன் ஆட்சியில் எங்கள் பக்கத்து விவசாயி அந்தச் செடியைத் தன் விருப்பத்துக்குப் போட்டுவிட முடியாது. கங்கைச் சமவெளியில் அரசு உரிமம் கொடுத்துப் பயிரிடவைத்து, மொத்தத்தையும் அரசே வாங்கிக்கொண்டது. 1820இல் தொடங்கிய காஜிப்பூர் ஆலை இன்றும் ஓடுகிறது. 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபின் சட்டங்கள் பயிரையும் விற்பனையையும் அரசின் கைக்குள் வைத்தன. ஊருக்குள் விற்க உரிமக் கடை. கணக்கு தோலாவில், அதாவது ஏறக்குறைய பதினொன்றே முக்கால் கிராமுக்கு ஒரு தோலா. பெரும்பங்கு சீனாவுக்குப் போனது, மிச்சம் உள்நாட்டுக்கு. கஜானாவுக்கு அது பெரிய வரும்படி.

இங்கிலாந்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் 1893இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். பிராசி பிரபு தலைமையில் இந்தியா வந்து சாட்சிகளை விசாரித்த அந்தக் கமிஷன், 1895இல் கொடுத்த அறிக்கையில் தடை தேவையில்லை என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்துக்காரனுக்குச் சாராயம் எப்படியோ அப்படித்தான் இந்தியனுக்கு அபின் என்பது சாரம். வரும்படியைக் காப்பாற்றப் பிறந்த அறிக்கை என்று அதைத் தள்ளிவிடலாம். நானும் பாதி தள்ளுவேன். மீதிப் பாதியில் உண்மை உண்டு. குக்கிராமத்தில் டாக்டர் இல்லை. வயிற்றுப்போக்குக்கும் இருமலுக்கும் குளிர்காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் கைக்கு எட்டியது அதுதான். சென்னை மாகாணத்தில் அபின் அதிகம் செலவானது வடக்கே கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கம், மலைக்காய்ச்சல் சீமையில். எங்கள் வறண்ட பூமி அந்தக் கணக்கில் பெரிய இடம் பிடிக்கவில்லை.

வசதியான வீடுகளில் இதே சரக்கு வேறு உடுப்பில் இருந்தது. குளோரோடின் என்று ஒரு சின்ன பாட்டில். காலராவுக்கென்று இந்தியாவில் வேலை பார்த்த ராணுவ டாக்டர் காலிஸ் பிரவுன் கலந்து தயாரித்தது. அபின் சாறும் கஞ்சாச் சாறும் குளோரோஃபார்மும் அதில் உண்டு. வாந்திபேதி என்றால் சர்க்கரையில் நாலு சொட்டு. அபின் தின்றவரை அபினிக்காரர் என்ற ஊர், குளோரோடின் குடித்த அக்கிரகாரத்து மாமியை ஒன்றும் சொல்லவில்லை. பம்பாய் மில் பகுதியில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தை தூங்குவதற்காக அபின் உருண்டை கொடுத்ததை 1920களில் பெண் டாக்டர்கள் எழுதிவைத்தார்கள். சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1926இல் இந்தியாவின் அபின் தீமை பற்றி ஒரு புத்தகமே போட்டார். அசாமில் காங்கிரஸ் தனியாக விசாரணைக் குழு வைத்தது. சுதந்திரம் வந்தபோது அபின் ஒழிப்பு என்பது காந்தியவாதிகளின் பழைய கடனாக மேசையில் கிடந்தது. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அடுத்த ஆண்டு அபின்.

ஒரே உத்தரவில் கடையை மூடியிருக்கலாம். அந்த நாள் அரசியலில் அதற்குக் கைதட்டலும் கிடைத்திருக்கும். செய்யவில்லை. பத்தில் ஒரு பங்கு, பத்து வருஷம். அதற்கிடையில், விட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சான்று கொடுத்தவர்களைப் பதிவு செய்து, அனுமதிச் சீட்டின் பேரில் கொடுப்பது என்று ஒரு சன்னலையும் திறந்து வைத்தார்கள். அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ ஒருவராவது அபின் நின்ற உடம்பைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்த உடம்பு எப்படி இருக்கும் என்று அப்பத்தா சொன்னதை அப்படியே மருத்துவப் பாடத்தில் சேர்க்கலாம். ஓயாத கொட்டாவி. சளி பிடிக்காமலே மூக்கும் கண்ணும் ஒழுகும். வெயிலில் புல்லரிக்கும். காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ராத்திரி முழுக்க உதைத்துக்கொண்டு கிடப்பார். பேதி போகும். பழைய இடுப்புவலி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பல வருஷமாக வெளியிலிருந்து அபின் வந்துகொண்டிருந்தால் மூளை தன் வேலையை அதற்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்கிறது. அபின் அமுக்கிவைத்தவை எல்லாம், அது விலகியதும் ஒரே நேரத்தில் துள்ளி எழுகின்றன. மெல்ல விலகினால் மூளைக்கு மறுபடி சரி செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். படிப்படியாகக் குறைப்பதன் சூத்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

ஆனால் 1949 திட்டம் குறைத்தது சரக்கைத்தான். மாநிலத்துக்கு இத்தனை, கடைக்கு இத்தனை என்று மேலிருந்து குறைந்தது. அது தின்கிற ஆளின் உடம்பில் அதே விகிதத்தில் குறையும் என்று யார் சொன்னது? காசுள்ளவன் மாத முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வான். மாதக் கடைசியில் வருகிறவனுக்குக் கடைக்காரர் கையை விரிப்பார். அவனுக்கு அது பத்து விழுக்காடு குறைவில்லை, ஒரு வாரத்துக்கு மொத்தமும் இல்லை. எங்கள் பெரிய தாத்தா திருமங்கலத்துக்கு நடந்துபோய் வெறும் கையோடு வந்த நாட்களை அப்பத்தா நன்றாக நினைவில் வைத்திருந்தாள்.

அவர் கண்டுபிடித்த வழி அவருடையது. உருண்டையை வாங்கியதும் மாதத்துக்கான எல்லாவற்றையும் அன்றைக்கே கிள்ளி உருட்டிவிடுவார். கடை குறைத்தால் உருண்டையும் சிறுக்கும், எண்ணிக்கை மாறாது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று, அது தவறவே தவறாது. மிளகு கடுகாகிற வரை அப்படியே போனார். பிறகு பெரியாஸ்பத்திரியில், அன்றைக்கு அதற்கு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர், ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துச் சீட்டும் கிடைத்தது. கடுகளவுக்குக் கீழே அவர் இறங்கவில்லை. இறங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. அந்தக் கடுகோடு அவர் களத்துமேட்டுக் காவலுக்குப் போனார், பேரன் பேத்தி கல்யாணம் பார்த்தார். சரக்கு குறைந்த வேகத்துக்குத் தன் உடம்பைத் தானே பழக்கிக்கொண்ட ஆள் அவர். எல்லோருக்கும் அப்படி வாய்த்திருக்காது. கள்ளச் சரக்குக்குப் போனவர்களின் கதை அரசுக் கணக்கில் ஏறியிருக்கவும் வாய்ப்பில்லை.

1959க்குப் பிறகு எங்கள் ஊர்ப் பேச்சிலிருந்தே அபின் என்ற சொல் மறைந்துவிட்டது. கசகசா மட்டும் அடுப்படியில் தங்கியது, குருமாவுக்கும் பாயசத்துக்கும். அதையும் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ மகனுக்கென்று பொட்டலம் கட்டி அனுப்பிவிடாதீர்கள். அங்கே விதையும் குற்றம்.

நான் கடைக்கு வந்த காலத்தில் இதே குடும்பத்துச் சரக்குகள் ஊசியாகவும் சிரப்பாகவும் அலமாரியில் இருந்தன. பெத்திடின், பென்டசோசின், கோடின் கலந்த இருமல் மருந்து. 1985 நவம்பரில் போதைமருந்துச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்றைக்குப் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்து வருஷம் கடுங்காவல். கடத்தல்காரனுக்கென்று தைத்த சட்டை ஆஸ்பத்திரிக்காரன் கழுத்தையும் இறுக்கியது. அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினை வைத்துக்கொள்ளப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில். ஒன்றின் தேதி முடியும்போது மற்றொன்று வந்து சேர்ந்திருக்காது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வாங்குவதை நிறுத்தின. உலகத்துக்கே மருந்துக்கான அபின் விளைவித்துக் கொடுக்கிற நாட்டில், 1997இல் மொத்த மார்ஃபின் உபயோகம் 18 கிலோ. அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு விழுந்திருந்தது. புற்றுநோய் வலியில் கத்துகிற அம்மாவுக்கு மார்ஃபின் கேட்டு வந்த மகன்களுக்கு நாங்கள் கொடுத்தது பாராசிட்டமால்.

கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இதற்காகப் பல்லாண்டு போராடினார்கள். 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் தொடங்கியது, 2003இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா. சட்டம் திருந்தியது 2014இல். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் வழி பிறந்தது. அந்த இருபத்தொன்பது வருஷத்தில் வலியோடு செத்தவர்களுக்கு யாரும் பதிவேடு வைக்கவில்லை.

மார்ஃபின் இல்லாத இடத்தை வேறு ஒன்று நிரப்பியது, சத்தமில்லாமல். டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிபீன் கலந்த கேப்சூல், பிறகு டிரமடால். 1962இல் ஜெர்மனியின் குருனென்தால் கம்பெனி உருவாக்கிய டிரமடால் அபின் ஏற்பிகளிலேயே வேலை செய்யும், ஆனால் “லேசான” வலிமாத்திரை என்று பேர் வாங்கியிருந்தது. சிட்கோவில் மூட்டை தூக்குகிறவர், ஸ்பிண்டில் முன்னால் நின்று நின்று இடுப்பு விட்டுப்போன மில் அக்கா, முழங்கால் தேய்ந்த பெரியவர், எல்லோருக்கும் ஓர் அட்டை. சீட்டு வருஷக்கணக்கில் அதே சீட்டாக இருக்கும், மடித்து மடித்து நாலு துண்டாகியிருக்கும். எங்களில் பலர் சீட்டே கேட்பதில்லை. “அண்ணே, அந்த வெள்ளை மாத்திரை” என்றால் கொடுத்துவிடுவது.

2013 மே மாதம் டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிபீனை மத்திய அரசு நிறுத்தியது. காரணம் நியாயமானது, இதயத்துக்கு ஆபத்து. நிறுத்திய விதம்தான் கேள்வி. நேற்று இருந்தது, இன்று இல்லை. பல வருஷம் தின்றவர்களுக்கு என்ன செய்வதென்று கடைகளுக்கு ஒரு வரிச் சுற்றறிக்கை வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் டிரமடாலுக்கு மாறினார்கள். 2018 ஏப்ரலில் டிரமடாலும் போதைமருந்துச் சட்டத்துக்குள் வந்தது. சீட்டோடு விற்கத் தடையில்லை. ஆனால் 1985க்குப் பின் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினுக்குச் செய்ததை இப்போது மெடிக்கல் ஷாப்புகள் டிரமடாலுக்குச் செய்தன. இன்ஸ்பெக்டரிடம் யார் கணக்குச் சொல்வது என்று ஸ்டாக்கே எடுப்பதில்லை. அந்த மே, ஜூனில் என் கடைக்கு முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தபோது எனக்கு அப்பத்தாவின் பாடம் வரி வரியாக ஞாபகம் வந்தது. இவர்களில் ஒருவரும் போதைக்காரர் இல்லை. கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறவர்கள், பிள்ளைகளைக் காலேஜில் படிக்கவைக்கிறவர்கள்.

நெடுஞ்சாலை ஊர் என்பதால் வடக்கத்திச் செய்தியும் எங்களுக்கு லாரியில் வரும். ராஜஸ்தானில் அபின் காயின் சக்கையை அரசு அனுமதியோடு விற்றுவந்தார்கள், 1949 திட்டம் திறந்துவைத்த சன்னலின் கடைசிக் கம்பி என்று அதைச் சொல்லலாம். 2016 ஏப்ரலோடு அதை மூடினார்கள். அந்தக் கோடையில் அந்தப் பக்கத்து டிரைவர்கள் சிலர் சுங்கச்சாவடி தாண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கை நடுங்க வந்து தூக்கமாத்திரை கேட்டார்கள். இருபது சக்கர லாரி ஓட்டுகிறவன் கேட்கிற மருந்தா அது?

அமெரிக்காவும் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தது. 1996இல் ஆக்ஸிகான்டின் வந்தது. சாதாரண முதுகுவலிக்கும் வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். சாவு பெருகியதும் 2016இல் நோய்க்கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கை வழிகாட்டியை வெளியிட்டது. டாக்டர்கள் பயந்துபோய்ச் சடாரென்று நிறுத்தினார்கள். வலியும் தவிப்பும் தாங்காமல் தற்கொலை வரை போனது. 2019 ஏப்ரலில் அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021இல் 1,13,618 நோயாளிகளின் பதிவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு, அளவைக் குறைக்கத் தொடங்கியவர்களிடம் அளவு மீறிய விபத்தும் மன நெருக்கடியும் அதிகம் என்றது. குறைப்பதே ஆபத்து என்று அதைப் படிக்கக்கூடாது. வேகமாகக் குறைத்தவர்களிடம்தான் அது இன்னும் கூடியிருந்தது. இன்னொன்றும் உண்டு. சில வாரம் விட்ட பிறகு உடம்பின் பழக்கம் போய்விடும். பழைய அளவை ஒரே தடவையில் தின்றால் மூச்சு நின்றுவிடும்.

2022இல் அதே மையம் திருத்திய வழிகாட்டி வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் தின்றவர்களுக்கு மாதம் பத்து விழுக்காடு, அல்லது அதைவிட மெதுவாக. படித்ததும் சிரித்துவிட்டேன். எந்தப் பரிசோதனைக்கூடமும் இல்லாமல் நம்முடைய மாநாட்டுக்காரர்கள் எழுதிய அதே பத்து. அவர்கள் வருஷத்துக்குச் சொன்னதை இவர்கள் மாதத்துக்குச் சொல்கிறார்கள். அவர்கள் கிடங்குக்குச் சொன்னார்கள், இவர்கள் ஆளுக்குச் சொல்கிறார்கள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கலாம், ஆனால் மறுபடி ஏற்றும் முன் நன்மை தீமையை எடைபோட வேண்டும் என்றும் இவர்கள் சேர்த்திருக்கிறார்கள். கிடங்குக் கணக்கில் அந்தத் தாராளம் இருக்க முடியாது.

காகிதத்தில் பத்து விழுக்காடு சுலபம். அட்டையில் சுலபமில்லை. எங்கள் பக்கத்து மில் அக்கா ஒருவர், முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனவர், நாளைக்கு 200 மில்லிகிராம் டிரமடாலில் இருந்தார். மதுரையில் பொறுமையான டாக்டர் ஒருவர் கிடைத்தார். முதலில், நின்று வேலை செய்கிற பெரிய மாத்திரையை மாற்றினார், அதை உடைக்கக்கூடாது, உடைத்தால் ஒரு நாள் மருந்தும் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். பதிலுக்கு 50 மில்லிகிராம் கேப்சூல் நாலு. பத்து விழுக்காடு என்றால் 20 மில்லிகிராம். கேப்சூலில் ஐந்தில் இரண்டு பங்கை எப்படிக் குறைப்பது? அதனால் அவர் ஒரு கேப்சூலுக்குப் பதில் பாராசிட்டமால் சேர்ந்த 37.5 மில்லிகிராம் மாத்திரையை வைத்தார், இரண்டு மாதம் விட்டு இன்னொன்று. பாராசிட்டமால் நாளுக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கூடவே நடை, ஒத்தடம், பிசியோதெரபி. தூக்கம் கெட்ட மாதங்களில் அவர் அளவைத் தொடவே இல்லை.

நூறு வரை அக்கா தைரியமாக இறங்கினார். ஐம்பதுக்குக் கீழே வந்ததும் தடுமாறினார். 37.5இலிருந்து அரை மாத்திரைக்கு இறங்குவதென்றால் ஒரே அடியில் பாதி. பிளேடால் நறுக்கியதில் ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு பொடி. பெரிய தாத்தா நகத்தால் கிள்ளி எந்த அளவுக்கும் சிறுக்க முடிந்தது, அக்காவுக்கு அந்த வசதி இல்லை. கடைசி அரை மாத்திரையை விடுவதற்கு, முதல் நூறை விட்டதைக் காட்டிலும் அதிக நாள் பிடித்தது.

அந்த மாதம் வந்த மெடிக்கல் ரெப்பிடம் கேட்டேன், பத்து மில்லிகிராமில் ஒன்று போடக்கூடாதா என்று. தம்பி பையை மூடிக்கொண்டே சொன்னான்: “ஏத்துறதுக்குத்தான்ணே டாக்டருங்க கேப்பாங்க. இறக்குறதுக்கு யாரும் கேட்டதில்ல.”